வலிக்காத புண்

காய்ச்சல் வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் உள்ளே ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது. கதவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன்.

என் கணவர் கம்பத்திலிருந்து மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். வேலை முடிந்து அவர்கள் திரும்பும்வரை புதரோரம் துண்டை விரித்துப் படுப்பது வழக்கம். மழை விட்ட பிறகு ஒருநாள் தலை பிளக்கிற வலியோடு காய்ச்சல் வந்தது. ஊரிலேயே ஊசி போட்டோம். காலையில் தணிந்தது, மாலையில் திரும்பியது. மலேரியா இல்லை, டெங்கு இல்லை என்று பரிசோதனைகள் சொன்னபோது நிம்மதி அடைவதா பயப்படுவதா என்று புரியவில்லை. மூச்சு வாங்கி, பேச்சும் குழறத் தொடங்கியதும் தேனிக்குக் கொண்டுவந்தோம்.

என் நாத்தனார் குச்சனூர் கோயிலில் எள் விளக்கு ஏற்றிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிரகம் சரியில்லை, தம்பியை ஒருநடை கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது ஒரு காரணம் சொன்னால் போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

வார்டுக்கு வந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் படித்து மூடி வைத்தார். பிறகு திரையை இழுத்துவிட்டு என் கணவர் உடம்பில் எதையோ தேட ஆரம்பித்தார். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், இடுப்பில். இடது அக்குளில் கை நின்றது.

“இந்தப் புண்ணு எப்ப வந்துச்சு?”

பீடி சுட்டதுபோல ஒரு சின்னக் கருப்புப் பொருக்கு. நான் பார்த்ததே இல்லை.

“வலிக்குதுன்னு அவுக ஒண்ணுமே சொல்லலையே.”

“வலிக்காதும்மா. அதனாலதான் தேடுறோம்.”

ஸ்க்ரப் டைபஸ் (புதரில் வாழும் மிகச் சிறிய உண்ணியின் குஞ்சு கடித்து, கிருமி உடம்பில் பரவும் காய்ச்சல்) என்றார். ரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் (அந்தக் கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும் மருந்து) கொடுத்தார்கள். மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள்.

“அம்புட்டுக்கூண்டு பூச்சியா இவனைச் சாச்சுப்புடுச்சு?” என்றார் நாத்தனார். அதன் பிறகு அவர் கோயிலைப் பற்றிப் பேசவில்லை. என்னோடு சேர்ந்து நடந்தார்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கண் விழித்தவர், ஜீப்பை எங்கன விட்டிருக்கு என்று கேட்டார். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எங்கோ யாரோ ஒருவர் இந்தப் பூச்சியையும் இந்தக் காய்ச்சலையும் சேர்த்து யோசித்திருக்கிறார். வேறு யாரோ அதைச் சந்தேகப்பட்டு, மறுபடி சோதித்து உறுதிசெய்திருக்கிறார்கள். கம்பம் என்ற ஊரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் கண்டது என் கணவரின் அக்குள்வரை வந்து சேர்ந்தது. இதே நிலையில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காய்ச்சலுக்கு முன் எங்கே படுத்தீர்கள், எந்தக் காட்டில் வேலை செய்தீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இப்போது எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், மேலு பூரா புண்ணு இருக்கான்னு தேடிப் பாத்தியா என்று முதலில் போய்க் கேட்பவர் என் நாத்தனார்தான்.

என் கணவர் மறுபடி மலைக்கு ஜீப் ஓட்டுகிறார். எனக்குத்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. கடித்ததும் காய்ச்சல் வராது, ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த இடைப்பட்ட நாட்களில்தான் என் தம்பியின் கல்யாணம் நடந்தது. சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்கும் அவருடைய படம் என் போனில் இருக்கிறது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். கடித்தாகிவிட்டது; காய்ச்சல் இன்னும் வரவில்லை.