குராமோத்தோ பிரித்துப் பார்க்கும் பைகள்

ஜப்பானின் கமினோசே கிராமத்தில் குப்பைப் பையின் மேல் பெயரை எழுதித்தான் வைக்க வேண்டும். தெருமுனைக் கம்பிக்கூண்டில் வைத்துவிட்டு நகர்ந்தால் போதும், தெருச் சங்கத் தலைவர் குராமோத்தோ ரப்பர் கையுறையோடு வந்து ஒவ்வொரு பையையும் அவிழ்த்துக் கிளறுவார். எரிக்கிற குப்பையில் எரியாதது கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

ஐம்பத்தெட்டு வயது ஹிசயோவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. பக்கவாதத்தில் விழுந்த கணவர் கென்சாகுவின் டயப்பர்களைச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பை போட்டுக் கட்டித்தான் வைத்தாள். அதே வாரம், மிசோ என்கிற சோயா விழுது விற்கும் கடைக்காரி எல்லார் எதிரிலும், ஒரு நாளைக்கு ஆறு டயப்பர் ஆகிறதாமே, பாவம் என்று உச்சுக்கொட்டினாள். கூட்டுறவுக் கொட்டகையில் முள்ளங்கி ஊறுகாய் போட்டுப் பிழைக்கிறவள் ஹிசயோ. நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. அந்தப் பரிதாபத்தின் நாற்றத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பக்கத்துக் காலி வீட்டைப் பார்க்க ஒசாகாவிலிருந்து ஓர் இளம் தம்பதி வருவதாக இருந்தது. முந்தின நாள் குராமோத்தோ வந்து, ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். கூண்டு சங்கத்தின் சொத்து, ஒத்துப் போகாதவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினார். குப்பை வண்டி கூண்டில் இருப்பதை மட்டும்தான் எடுக்கும். தினம் ஆறு டயப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹிசயோ தலையாட்டி வைத்தாள்.

வந்த பெண் மாசமாக இருந்தாள். வீட்டைப் பார்த்துவிட்டு, வேலியோரம் நின்ற ஹிசயோவிடம் கேட்டாள்: "இங்க மனுஷங்கல்லாம் எப்படிக்கா?"

வீட்டைக் காட்ட அவர்களோடு வந்திருந்த குராமோத்தோ முந்திக்கொண்டார். "ஒரே குடும்பம் மாதிரிம்மா. ஒரு வீட்ல தும்மினா ஊருக்கே தெரியும்."

"தும்மினா மட்டுமா?" என்றாள் ஹிசயோ. "உன் குப்பைய இவரு பிரிச்சுப் பாப்பாரும்மா. நீ என்ன தின்னே, உன் பிள்ளை எத்தனை தடவை பேண்டுச்சு, எல்லாம் நீ போறதுக்கு முன்னாடி மிசோ கடையில போய் நிக்கும். அது சம்மதம்னா வா. வீடு நல்ல வீடுதான், ஒழுகாது."

குராமோத்தோ சிரித்துப் பார்த்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர்கள் தேநீருக்குக்கூட நிற்காமல் கார் ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஹிசயோ கூண்டில் வைத்த பை, ஏற்கப்படாது என்ற சிவப்புச் சீட்டோடு அவள் வாசலுக்கே திரும்பி வந்து கிடந்தது. ஊரோடு ஒத்துப் போயிருக்கலாமே என்று கென்சாகு கோணிய வாயால் முனகினார்.

"முப்பது வருஷமா ஒத்துத்தான் போனேன். அதான் உங்க பீயை ஊரே எண்ணுது."

பையைக் குட்டி லாரியில் தூக்கிப் போட்டு, பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எரிப்பு நிலையத்துக்குத் தானே ஓட்டிப் போனாள். அங்கிருந்த ஆள் எடை போட்டான். பெயரைப் படிக்கவில்லை, அவிழ்க்கவில்லை, குழியைக் கைகாட்டினான். வாரம் இருமுறை இனி இதுதான், பனி கொட்டினாலும். கையைக் கழுவிக்கொண்டு அவள் அந்தத் தெருவுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது.