குழாயடிப் பலகையில் ஒரு ‘இல்லை’

என் இளைய மகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப்போய், மிஷினில் வைத்து, என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பாள். பார்த்ததைக் குழாயடிப் பலகையில் எழுதுவதும் அவள்தான். எங்கள் தெருப் பலகையில் “ஈயம்: இல்லை” என்று போட்டிருந்தது. அந்த நம்பிக்கையில் தெருவே குடித்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கும் அவளும் குடித்தாள்.

மாப்பிள்ளை கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர். பின்நவீனத்துவமாம், அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். உண்மை என்று ஒன்று தனியாக நிற்பதில்லை, அதை யார் சொல்கிறார்கள், எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பார். “கொதிக்கிற தண்ணியில கையை விட்டுட்டு அதைச் சொல்லுங்க” என்று மகள் வாரிவிடுவாள்.

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவளுடைய சின்ன மகள் கொஞ்ச நாளாக வெளிறிப்போய், சொன்னது மனதில் நிற்காமல் திரிந்தாள். ரத்தத்தில் ஈயம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“பலகையில இல்லைன்னுதானேக்கா போட்டிருக்கு?” என்று மகளிடம் கேட்டாள்.

“மிஷின் பொய் சொல்லாதும்மா. வேற எங்கேயாச்சும் பட்டிருக்கும்” என்றாள் மகள்.

மாப்பிள்ளை பாதி மழித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். “அந்த ‘இல்லை’யைச் சொன்னது மிஷினா, நீயா?”

“ஆரம்பிச்சிட்டீங்களா!” என்று சீறியவள் அப்படியே நின்றுவிட்டாள். “மிஷின் ‘தென்படலை’ன்னுதான் சொல்லும். ரொம்பக் கொஞ்சமா இருந்தா அந்தப் பழைய மிஷினுக்குத் தெரியாது. சுருக்கமா இருக்குன்னு நாங்கதான் அதை ‘இல்லை’ன்னு எழுதிட்டு வர்றோம்.” கை தானாக வயிற்றுக்குப் போனது.

வெளியூர்ப் பெரிய கூடத்துக்கு எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை அனுப்பினாள். முடிவு வரும்வரை யாருக்கும் சோறு இறங்கவில்லை. உண்மை ஒன்றல்ல என்ற மனுஷன் அவள் பின்னாலேயே அலைந்தார்.

“இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லேன்.”

“தெரியலைங்க. ஒரே வார்த்தை உங்களுக்கு எதுக்கு இப்ப?” சிரிக்கப் பார்த்தவள் அழுதுவிட்டாள்.

இருக்கிறது என்று வந்தது.

அவர் பேச்சு கேள்வி கேட்கத்தான் உதவும். பதிலுக்கு நல்ல மிஷின்தான் வேண்டும். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

மகள் பலகையைத் துடைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். “ஈயம் இருக்கு, குடிக்காதீங்க.”

“நீதானே இல்லைன்னு எழுதினே?” என்று ஒருத்தி கத்தினாள்.

“நான்தான். நானும் அதைத்தான் குடிச்சேன்.”

இன்று மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். “பயப்படாதீங்க, ஒண்ணும் இருக்காது” என்றாள் நர்ஸ்.

“எவ்வளவு கம்மியா இருந்தா உங்க மிஷின் கண்டுபிடிக்கும்?” என்று மகள் கேட்டாள்.

நர்ஸுக்குத் தெரியவில்லை. கேட்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். மாப்பிள்ளை மூடிய கதவையே பார்த்து நின்றார்.