ஏசி போட்டால் கொதிக்கும் வண்டி

ஞானராஜின் அம்பாசிடரை ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் மெக்கானிக் பட்டறையில் விட்டது. இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு சித்திரை மாதம். வேலூரிலிருந்து ஆரணிக்குத் திரும்பும் வழியில், ரயில்வே கேட்டில் நின்றபோது ரேடியேட்டர் கொதித்து இன்ஜின் அடங்கிவிட்டதாம்.

ஞானராஜ் ஒரே ஒரு வண்டியை வைத்து வாடகைக்கு ஓட்டியவர். கோமதி அக்கா அவருடைய நிரந்தர சவாரி. பட்டுத்தறி வீட்டுப் பெண்மணி. கிட்னி கெட்டுப்போய் வாரத்துக்கு இரண்டு முறை வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். திரும்பும்போது வெயிலில் மயக்கம் வந்ததால், அந்தப் பழைய டீசல் வண்டிக்கு ஞானராஜ் வெளியூரில் ஏசி மாட்டிக்கொண்டு வந்தார். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"பேஜாரா கீதுண்ணே. ஒரு நாளு நல்லா போவுது, ஒரு நாளு கொதிக்குது. ஏசி மாட்டனவரு வண்டி பழசுன்றாரு. இன்னொரு மெக்கானிக்கு ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜின எறக்கணும்ன்றாரு."

"அக்கா எங்க?"

"ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டன். நாளன்னைக்கு மறுபடியும் போவணும். பஸ்ல அவங்களால முடியாது."

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் கை வைக்குமுன் சில சோதனைகள் பார்த்தேன். அதற்கடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கும், ரேடியேட்டரில் குமிழி வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை. இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டேன். குமிழி வரவில்லை. கேஸ்கெட் போகவில்லை என்று தெரிந்தது. மூடியைப் போட்டுவிட்டு வண்டியை நிறுத்தியபடியே ஐடிலில் வெகுநேரம் ஓடவிட்டேன். சூடு காட்டும் மீட்டரின் முள் நடுவில் நின்றது. ஏசியைப் போட்டேன். முள் மெல்ல மேலே ஏறியது. ஏசியை அணைத்தேன். இறங்கியது.

இன்ஜினுக்கு ஏசியின் சுமை அதிகம், ரேடியேட்டர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏசிய கழட்டிடலாமா ஞானராஜ்?"

"அவங்களுக்காகதாண்ணே மாட்டனன்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி ஏசியைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தேன். கிரில்லிலிருந்து முகத்தில் அனல் அடித்தது. அந்த இடத்தில் காற்று உள்ளே போக வேண்டுமே தவிர வெளியே வரக்கூடாது. எதிர்வீட்டுத் தறியில் கொஞ்சம் கழிவு நூல் வாங்கிவந்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். நூல் என் பக்கம் பறந்தது. ஏசியோடு சேர்த்து ரேடியேட்டருக்கு முன்னால் வைத்த, ஏசி போட்டால் மட்டும் ஓடும் எலக்ட்ரிக் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினின் சொந்த ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, இது வெளியே தள்ளியது. மாட்டியவர் ஃபேனின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். இரண்டுமே கறுப்பு ஒயர். மாற்றிக் கொடுத்தேன். நூல் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது. முள் நடுவிலேயே நின்றது.

ஆனால் ஒன்று உறுத்தியது. ஏசி போட்டால் கொதிக்க வேண்டும் என்றால், எல்லா நாளும் கொதித்திருக்க வேண்டும். சில நாள் ஏன் கொதிக்கவில்லை? காரணம் தெரியாமல் நோயாளியை ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. டயாலிசிஸ் நாளன்று ஒரு கேனில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

போகும்போது காலை நேரம், தொந்தரவு இல்லை. திரும்பும்போது நல்ல உச்சி வெயில். வேலூர் எல்லை தாண்டுமுன்பே பின்சீட்டிலிருந்து கோமதி அக்கா, "ஞானராஜு, குளுருதுப்பா. ஏசிய அமத்திடு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை.

"எங்கக்கா குளுருது? வேர்த்து ஊத்துதே!"

அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்த முள்ளு ஏறுறத நானும் பாத்துகினுதான் வரன். முள்ளு ஏறனா இவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது. வண்டி பூடுச்சின்னா இவரு பொழப்பு இன்னா ஆவுறது? அதான் அது ஏறுறதுக்கு முன்னாடியே குளுருதுன்னுடுவன். அசதில தூங்கிட்ட நாள்லதான் கொதிக்கும். அன்னிக்கும் தூங்கிட்டன். கேட்டுல நின்னுபோச்சு."

"இத ஒரு வார்த்த சொல்லகூடாதாக்கா?" என்றார் ஞானராஜ்.

"சொன்னா நீ ஏசிய போட்டுகினேதான ஓட்டுவ."

ஞானராஜ் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"ஃபேன் சரியாயிடுச்சிக்கா. முள்ள பாருங்க, அசையாது" என்றேன் நான். அக்கா நம்பவில்லை. முன்னால் எட்டி, மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினையும் ஏசியையும் அணைக்காமல் நின்றோம். ரயில் போய்க் கேட் திறந்தபோது முள் நடுவில்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

பிறகு ஏசி மாட்டியவருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா" என்று வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏதாவது புதிதாக மாட்டிய பிறகு வந்த கோளாறு என்றால், மாட்டிய இடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். இன்ஜினைக் கடைசியில் பிரிக்கலாம். ஓட்டுகிறவரிடம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை அவர் யாருக்காகவோ சொல்லாமல் இருக்கலாம்.