பனரில் மிஞ்சிய கை

என் அடையாள அட்டை தொலைந்துபோய், புதிதாக எடுக்கப் படம் தேவைப்பட்டது. கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனேன். கதிரையில் இருந்த பிறகுதான் சட்டையின் தோள்பக்கத்துத் தையல் விட்டிருப்பது தெரிந்தது. பின்னால் நாலைந்து பேர் காத்து நின்றார்கள். கூச்சத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. படம் எடுக்கிற பிள்ளை என் நாடியைச் சரிசெய்வது போலக் குனிந்து, தன் சாலில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி என் தோளில் குத்திவிட்டாள்.

"இப்ப நேராப் பாருங்கோ அக்கா. ஆடாதேங்கோ."

அவ்வளவுதான். ஊசியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஊரில் கண்டபோதும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவள் கஜேந்தினி. ஜெயபுரத்தில் எங்களுக்கு நாலு வளவு தள்ளி இருக்கிற சங்கிலி அண்ணையின் மகள். சங்கிலி அண்ணையின் தாய்தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் வயலில் கூலிக்கு நிற்பார், அம்மன் கோயில் பொங்கலுக்குத் தப்பு மேளம் அடிப்பார். அவர் அடிக்கத் தொடங்கினால் பூக் கட்டிக்கொண்டிருக்கிற என் விரலும் அந்தத் தாளத்துக்குத்தான் ஓடும்.

மூன்று வருடத்துக்கு முந்திய பொங்கலில், ஓர்கன் வாசிக்கிற நடராசா மாஸ்ரரின் இசைக்குழுவோடு சேர்ந்து அவர் மேடையில் அடித்தார். சனம் அப்படிக் கை தட்டியது. அடுத்த வருடம் கோயில் வாசலில் அந்தக் குழுவின் விளம்பரப் பனர் தொங்கியது. அந்த மேடைப் படம்தான். ஆனால் சங்கிலி அண்ணை நின்ற பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் தப்பின் ஒரு வளைவும், அதைப் பிடித்த அவருடைய நாலு விரலும் மட்டும் மிஞ்சிக் கிடந்தன.

அண்ணை போய்க் கேட்டார். மாஸ்ரர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "வெளியூர்க் கோயில்காரரும் பாக்கிற பனர், சங்கிலி. தப்போடை நீ நிண்டால் செத்தவீட்டு மேளம் எண்டெல்லோ நினைப்பினம்?"

அண்ணை திரும்பி வந்தார். வீட்டில் மகளிடம் மட்டும், "கை மட்டும் இருக்கு தாயி. ஆளு எங்கன்னு யாராச்சும் கேட்டா என்னா சொல்றது?" என்றாராம். அதற்குப் பிறகு தப்பைத் தொடவில்லை. கோயில் பக்கமும் வரவில்லை.

போன பொங்கலுக்கும் அதே பனர்தான் தொங்கியது. அன்று ஸ்ரூடியோ முதலாளிக்குக் கலியாணவீட்டு வேலை. கோயில் படத்துக்கு, பழைய கமரா ஒன்றைக் கொடுத்துக் கஜேந்தினியை அனுப்பிவிட்டார். எடுக்கிற படங்களில் பத்தைப் படம் எடுக்கிறவரே தெரிந்தெடுத்துப் பெரிதாக்கி, வாசலில் ஒரு பலகையில் ஒட்டுவது எங்கள் கோயில் வழக்கம். அவள் காலையிலேயே என்னிடம் வந்து சொன்னாள்.

"பத்துப் படத்திலையும் மாஸ்ரரின்ரை முகம் இராது அக்கா. விரல் மட்டும்தான் விழும்."

"அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா பிள்ளை. உனக்கு ஏன் அந்தப் பாவம்?"

"அவா ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறா."

பதினொரு மணிக்கு மாஸ்ரர் குழுவின் கச்சேரி தொடங்கியது. அதுவரை அவள் எடுத்ததெல்லாம் கதிரையில் ஆடாமல் இருக்கிற ஆட்களை. பாட்டுக் கச்சேரியை அன்றுதான் முதன்முதலில் எடுக்கிறாள். தவில்காரர் கையை வீச, இவள் பழக்கத்தில், "அண்ணை, ஆடாம இருங்கோ. நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ," என்று சொல்லிவிட்டாள்.

மாஸ்ரர் ஒலிவாங்கியிலேயே பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, இது பாஸ்போட் படமில்லை. நாங்கள் ஆடாட்டில் சனம் எழும்பிப் போயிடும்!" சனம் சிரித்தது. அதோடு விட்டாரா? "தேப்பனுக்கும் மேடை சரிவரேல்லை, மகளுக்கும் சரிவரேல்லை."

அம்மன் சன்னிதியில் நின்றுகொண்டு ஒரு மனிசனுக்குக் கெடுதல் நினைத்தேன். மறைக்க மாட்டேன்.

அவள் என்னிடம் வந்து கமராவைக் காட்டினாள். தவில்காரரின் கைகள் புகை மாதிரிக் கிடந்தன. பாடுகிற பிள்ளைக்கு இரண்டு வாய்.

"வீட்டை போவமே பிள்ளை?"

"போறதோ? பொறுங்கோ."

கண்ணை மூடி, விரலால் துடையில் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தவிலும் சரி தப்பும் சரி, ஒரு சுற்று முடிகிற இடத்தில் மூன்று அடி விழுந்து ஒரு கணம் நிற்கும். பிறந்த நாள் தொட்டுத் தகப்பனின் அடியைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த இடம் வரமுந்தியே தெரியும். மூன்றாவது அடி விழுந்ததும் கமராப் பொத்தானை அமத்தினாள். தவில்காரரின் கை காற்றில் அப்படியே நின்றது. பாடுகிறவளின் கழுத்து நரம்பு கூடத் தெரிந்தது. பிறகு அவள் எடுத்த ஒரு படமும் பிழையாகவில்லை.

மூன்றாம் நாள் பலகையில் படங்கள் ஏறின. தவில்காரர் தன் படத்துக்கு முன்னால் நின்று, தன் பெண்சாதியையும் கூட்டிவந்து காட்டினார். பத்துப் படத்திலும் மாஸ்ரர் இல்லை. கடைசிப் படத்தின் ஓரத்தில் ஓர்கனும் அவருடைய நாலு விரலும். பக்கத்திலேயே அந்தப் பனர்.

மாஸ்ரர் வந்தார். "எங்கை என்ரை முகம்?"

"விரல் விழுந்திருக்குதுதானே, சேர்."

யாரோ ஒருவர் பனரைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். முதலில் சிரித்தது தவில்காரர்தான்.

மாஸ்ரரின் குரல் இறங்கியது. "பிள்ளை, நீ என்னை எடுத்தனி. நான் கண்டனான்."

"ஓம், ஒண்டு எடுத்தனான்."

கமராவைத் திருப்பிக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த மூன்றாவது அடியில், கண்ணை மூடி, விரல் ஓர்கனை விட்டு எழும்பி நிற்க, முகம் தீபாராதனை பார்க்கிற ஆளின் முகம் போல இருந்தது. அந்த மனிசனிடம் அப்படி ஒரு முகம் இருக்குமென்று நான் நினைக்கவே இல்லை. அவருக்கும் வாய் திறந்துபோயிற்று.

"இதைத் தா பிள்ளை. பனருக்குப் போடலாம்."

"அப்பாவிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. இப்பவே வந்து கேளுங்கோ."

அவர் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். "சங்கிலியிட்டையோ?" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அவள் அந்தப் படத்தை அழித்தாள்.

அன்று பின்னேரமே அந்தப் பனர் கழன்றது. சனம் வந்து வந்து விரலைக் காட்டினால் யார் தொங்கவிடுவார்கள்? மாஸ்ரர் ஸ்ரூடியோ முதலாளியிடம் போய் முறையிட்டு, அவளுடைய வேலையையும் பறித்தார். வவுனியாவில் வேறு இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சங்கிலி அண்ணை நடந்ததைக் கேட்டார். தப்பை எடுத்து, தோல் இறுக வெயிலில் காயவைத்தார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அவள் போகிற அன்று பஸ் வரும்வரை நானும் கூட நின்றேன். அவளுடைய ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிச் சாலில் குத்திக்கொண்டாள்.

"இனி அந்த மனிசனை மறந்திடு பிள்ளை. ஆறிச்சுதுதானே?" என்றேன்.

பஸ்ஸில் ஏறின பிறகு யன்னலால் தலையை நீட்டிச் சொன்னாள்:

"அதுதான் அக்கா நான் எடுத்த முதல் நல்ல படம். அதையும் என்ரை கையாலேயே அழிக்க வைச்சிட்டார். அதுக்கும் சேத்து நான் அவரை விடமாட்டன்."