அவசரத்துக்கு வைத்த சாப்பாடு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தப்புச் செய்தால்தான் அதை மிதிக்க வேண்டும். இவரோ தப்புச் செய்யப்போகிற முகத்தைப் பார்த்தாலே மிதித்துவிடுவார். அவரிடம் பழகியவர்களுக்கு லைசென்ஸ் கிடைத்ததோ இல்லையோ, கழுத்துவலி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து, டப்பாவில் அடைத்து உறைய வைத்தால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று பழக வந்த யாரோ சொல்லிவிட்டார்கள். மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிறு விடிந்தால் வீடே வெங்காயம் உரித்தது. வாரமெல்லாம் மருந்துக் கடையில் நின்று கால் வீங்கிய மனைவி பட்டாணி உரிப்பாள். மகள் கொட்டாவி விட்டுக்கொண்டே கிழங்கு சீவுவாள். அடுப்பு அவர் பொறுப்பு. ஆறவைத்து, தேதி எழுதி ஒட்டி, பழையது முன்னே புதியது பின்னே என்று அடுக்குவதும் அவர்தான். கைப்பக்குவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு சங்கடம், எடுத்துச் சாப்பிட விடமாட்டார்.

"அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன். யாரும் கை வைக்காதீங்க."

கடையில் சரக்குக் கணக்கெடுத்துவிட்டு மனைவி நேரங்கழித்து வந்தாள். "லேட்டாயிடுச்சு, அவ்வளவுதானே? இதெல்லாம் ஒரு அவசரமா?" என்றார். மகளுக்குப் பரீட்சை. "பரீட்சை வருஷா வருஷம் வரத்தானே செய்யும்?" எந்த நாளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவரிடம் அது தேறவில்லை. ஆக, வாரநாளெல்லாம் ரொட்டியும் முட்டையும். ஃப்ரீசர் நிரம்பியதும் இன்னொன்று வாங்கினார், சிக்கனத்துக்காக! அதற்கு இடம்விட்டு மகளின் படிக்கிற மேஜை செருப்பு ஸ்டாண்டு பக்கம் போனது. புதையலைக் காத்த பூதம்கூட எப்போதாவது கண்ணசரும். இவர் அசரவில்லை.

ஒருநாள் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"என்னங்க, வாயெல்லாம் கசக்குது. அந்தக் கோழி சூப் ஒரு டப்பா சூடு பண்ணித் தாங்களேன்."

அவரும் பதறித்தான் போனார். அன்பில்லாத மனுஷன் என்று பழி போட நமக்கு வாய் வரவில்லை. ஓடிப்போய் டப்பாவை எடுத்தார். எடுத்த கையோடு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கே எடுத்துவிட்டால், நாளைக்குக் காய்ச்சல் ஏறினால் என்ன செய்வது? டப்பா உள்ளே போனது. முட்டை ஒன்றை உடைத்தார்.

படுக்கையிலிருந்தே அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது பெரிதில்லை. தன்னைவிட ஒரு டப்பா பெரிதாகிப்போனதே என்று நெஞ்சு எரிந்தது. முட்டை தட்டிலேயே காய்ந்தது.

காய்ச்சல் விட்டது. மருந்துக் கடைக்கு அடுத்த விடுமுறை வந்த நாளில் பிரேக் மாஸ்டர் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், இரண்டு ஃப்ரீசரும் வாயைப் பிளந்து நிற்கின்றன. மேஜை கொள்ளாமல் டப்பாக்கள் சொட்டுகின்றன. அக்கம்பக்கத்தாரும் மருந்துக் கடைப் பெண்களும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடுப்பில் சூப் கொதிக்கிறது.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? எல்லாத்தையும் உள்ள வைங்க!"

"உருகினதைத் திரும்ப வைக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?" என்றாள் மகள், வாயில் கோழித்துண்டோடு.

"அப்படி என்ன அவசரம் இப்போ?"

மனைவி ஒரு கிண்ணம் நிறைய சூப்பை ஊற்றினாள். ஊதி, ஆற அமர ஒரு வாய் குடித்தாள்.

"பசிக்குதுங்க," என்றாள்.

இரண்டாவது கிண்ணத்துக்கு அவள் கரண்டியை எடுத்தபோது, அவர் கால் அவரையறியாமல் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.