ஊரான் காலுக்கு இன்சூரன்ஸ்

என் அக்காள் சிகப்பியின் கணவர் தண்டாயுதபாணிக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். பித்தளை அண்டாவோ தேக்குக் கதவோ பர்மாப் பெட்டியோ, தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு "பழசு" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பிழைத்தார்.

அவருடைய தொழில் தரகு. பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போன இடத்தில் நொடித்து ஊர் திரும்பிய குடும்பங்கள் காரைக்குடியைச் சுற்றி நிறைய இருந்தன. எந்த வீட்டில் பங்காளிச் சண்டை, எந்த வீட்டில் பெண்ணுக்கு வயது ஏறுகிறது என்று மோப்பம் பிடித்துத் துக்கம் விசாரிப்பவர் போலப் போய் உட்காருவார். திரும்பும்போது கையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கும். அந்த வீட்டார் அழுததை அன்று இரவு சாப்பாட்டின்போது, அக்காள் வீட்டோடு இருந்த எனக்கும் நடித்துக்கூடக் காட்டுவார்.

அவர் தட்டிப் பார்க்காத சாமான்கள் ஒரே ஓர் அறையில்தான் இருந்தன. அது சிகப்பியின் அறை. எங்கள் தாயார் சிகப்பிக்குக் கொடுத்த வெண்கலமும் பித்தளையும் இனாமல் ஏனங்களும் அங்கே மச்சுவரை அடுக்கியிருந்தன. எல்லாம் மகள் மீனாளின் கல்யாணத்துக்கு என்று வைத்தவை. எங்கள் வீடுகளில் கல்யாணத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை வீட்டு நடுவில் இருக்கிற வளவு நிறையப் பரப்பி வைப்பார்கள். வந்தவர்கள் எல்லாம் சுற்றி நடந்து பார்ப்பார்கள். ஒரு வரிசை குறைந்தால், போன இடத்தில் பெண் அதைக் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அந்த அறைச் சாவி சிகப்பியின் இடுப்பை விட்டு இறங்காது. தண்டாயுதபாணியின் கண்ணும் அந்த இடுப்பை விட்டு இறங்காது. பெண்டாட்டியை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அந்தச் சாவிக்காகத்தான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவருக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. அதற்கு முன் அவர் ஏறிய வாகனம் டவுன் பஸ் ஒன்றுதான். அதிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை என்றால் இறங்கிவிடுவார். அப்போது ஊரில் இருந்த அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகிறார் என்று தன் ராஜ்தூத்தை விலை சொன்னார். மூன்று வருஷத்து வண்டி. சகாயமான விலை. இன்சூரன்ஸ்கூட முடியாமல் இருந்தது. இன்சூரன்ஸ் ஏஜண்டு மீனாட்சிசுந்தரமே அதை வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

தண்டாயுதபாணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெட்ரோல் டேங்கைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"தகரம்."

"அண்ணே, ஓட்டிப் பாருங்கண்ணே. புதுசாப் பழகுறவுகளுக்குத் தோதான வண்டி. கனமில்லை, கீழ விழுந்தாலும் நீங்களே தூக்கிரலாம்."

"கனமில்லைங்கிறதைத்தான் தம்பி நானும் சொல்றேன். நேத்துப் பொறந்த சாமான். இதை நாளைக்கு வித்தா என்ன கிடைக்கும்?"

"நீங்க ஓட்டத்தானே வாங்குறீக?"

தண்டாயுதபாணி, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவர் முகத்தில் தண்ணீரை ஊற்றலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அவர் வாங்கிய வண்டி கானாடுகாத்தானில் இருந்தது. காசிவிஸ்வநாதன் செட்டியார் வீட்டுக் கொட்டகையில், உடைந்த பல்லக்குக்குப் பக்கத்தில், உலகச் சண்டைக்கு முந்திக் கப்பலில் வந்த ஒரு சீமை வண்டி தூசி படிந்து நின்றது. தண்டாயுதபாணி டேங்கைத் தட்டினார். கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னார். தூக்கிப் பார்த்தாராம், அசையவில்லையாம். அதுவே போதுமானதாக இருந்தது. அண்டா வாங்குகிறவர் கனம் பார்த்து வாங்குவது போல அவர் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்த வீட்டு நிலைக்கதவுகளை விற்றுக் கொடுத்ததற்கு வரவேண்டிய தரகுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வரவேண்டிய அரிசியும் பருப்பும் அந்தக் கொட்டகையிலேயே போயின.

வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் சொக்கு வந்து அதை ஓட வைத்தான். ஓட வைத்துவிட்டு, "செட்டியாரே, பிரேக்குக்கட்டை தேஞ்சு போச்சு. கம்பியும் இத்துப்போய்க் கிடக்கு. ரெண்டையும் மாத்திப்புடுவோம்" என்றான்.

"தொடாதே!" என்று கத்தினார் தண்டாயுதபாணி. "கப்பல்ல வந்த கம்பிடா அது. அதை எடுத்துட்டு நீ காரைக்குடிக் கம்பியைப் போட்டா வண்டிக்கு என்ன மதிப்பு இருக்கும்?"

"நிக்குமே."

"போடா போ. உனக்குப் பழசோட அருமை தெரியாது."

பெயர் மாற்றும் விஷயத்திலும் இதே கதைதான். வண்டிப் புத்தகத்தில் காசிவிஸ்வநாதன் செட்டியார் பெயரே இருக்கட்டும் என்றார். "கானாடுகாத்தான் வீட்டு வண்டின்னு எழுத்துல இருக்கு. அதை அழிச்சுட்டுத் தண்டாயுதபாணின்னு எழுதினா யாரு மதிப்பா?" என்று கேட்டார். அவர் வாழ்நாளில் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

மீனாட்சிசுந்தரம் விடாமல் இன்னொரு நாள் வந்தார். நான் இரண்டாங்கட்டுக் கதவோரம் மோர் எடுத்துக்கொண்டு நின்றேன். தண்டாயுதபாணி முகப்பில் சாய்ந்து உட்கார்ந்து, வண்டிக்கு ஒரு பெரிய தொகை சொல்லி அதற்கு இன்சூரன்ஸ் போடச் சொன்னார்.

"அண்ணே, இம்புட்டுப் பழைய வண்டிக்குக் கம்பெனியில அப்படியெல்லாம் தர மாட்டாக. வருஷம் ஏற ஏற வண்டிக்கு மதிப்புக் குறையும்."

"குறையுமா? வருஷம் ஏறினா ஏறும்யா! உங்க கம்பெனியில எவனுக்காவது சாமான் தெரியுமா?"

"சரிண்ணே, அது கிடக்கட்டும். தேர்டு பார்ட்டி போட்டுக்கிருங்க. சட்டப்படி அது கட்டாயம். கொஞ்சக் காசுதான். நீங்க யாரு மேலயாவது மோதிட்டா, அவுகளுக்குக் கம்பெனி கொடுக்கும். மொதல்ல வண்டியை உங்க பேருக்கு மாத்துங்க. நான் கூட வாரேன்."

"என் வண்டிக்கு ஒண்ணும் வராதா?"

"வராது. அடிபட்டவுகளுக்குத்தான்."

தண்டாயுதபாணி என் பக்கம் திரும்பி மோரை வாங்கிக் குடித்தார். மேல்துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதாவது, என் காசைக் கட்டி ஊரான் காலை நான் இன்சூர் பண்ணணும். நல்லா இருக்கே தம்பி. அவன் காலுக்கு அவன் கட்டட்டுமே!"

உள்ளேயிருந்து சிகப்பி வந்தாள். "கட்டிருங்கங்கறேன். கொஞ்சக் காசுங்குறாகல்ல."

"அப்படின்னா உன் ரூம்புல ஒரு குத்துவிளக்கை எடு. கட்டுறேன்."

சிகப்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அவர் வண்டி பழகியதை ஊரே பொட்டலில் நின்று பார்த்தது. பட்டுக்கரை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், நெற்றியில் மூன்று பட்டை. ராகுகாலம் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார். பிரேக்கைப் பார்த்து எடுத்ததில்லை. வண்டியை நிறுத்த வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து வேப்பமரத்தைக் கட்டிப்பிடிப்பார். "பெரிய வண்டி அப்படித்தான் நிக்கும்" என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கம் வேறு. லைசென்சுக்கு எட்டுப் போடச் சொன்னால் அந்த அதிகாரியையும் கட்டிப்பிடிப்பார் போலிருக்கிறது என்று சொக்கு சொன்னான். அந்தப் பரீட்சைக்கு அவர் போகவே இல்லை.

ஆவணி மாதம் ஒரு நாள் கொத்தமங்கலத்திலிருந்து பின்சீட்டில் ஒரு பெல்ஜியம் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கத்திரிக்காய் விற்கிற முத்துராமலிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரமாக நடந்திருக்கிறான். பின்னால் அவன் மனைவி வள்ளிக்கண்ணு கூடையோடு. நடந்ததை அவள்தான் என்னிடம் சொன்னாள்.

"ஒதுங்கு ஒதுங்குன்னு சத்தம் போட்டுக்கிட்டே வாராரு ஆச்சி. நாங்க அங்குட்டு ஒதுங்கினா அவரும் அங்குட்டே வாராரு. பிரேக்கை மிதிச்சாரு போல, கம்பி தெறிச்சு என் காலடியில வந்து விழுந்துச்சு. இவுக சைக்கிளோட அடியில கிடக்காக. முழங்காலுக்குக் கீழ எலும்பு வெளிய தெரியுது. அந்த மனுசன் எந்திரிச்சு வந்து என்ன கேட்டாரு தெரியுமா? 'கண்ணாடி ஒடஞ்சிருச்சா பாரு'ன்னாரு. என்கிட்ட!"

கண்ணாடி உடையவில்லை. கால் ரெண்டாகியிருந்தது.

போலீஸ் வண்டி நம்பரை வைத்துப் போன இடம் கானாடுகாத்தான். புத்தகத்தில் இருந்த பெயர் அதுதானே. கறை இல்லாத வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்கும் கொட்டகைக்கும் மட்டும் நடக்கிற காசிவிஸ்வநாதன் செட்டியார், அந்த வயதில் ஸ்டேஷன் பெஞ்சியில் போய் உட்கார்ந்தார். வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொல்ல, எழுத்து எங்கே என்று அவர்கள் கேட்க, எழுத்து ஏது? செட்டியார் அன்று சாயங்காலமே ஆள் அனுப்பினார். அடிபட்டவனுக்கு ஆகிற வைத்தியச் செலவும் அவன் கேட்கிறதும் முழுக்கக் கொடுத்துத் தன் பெயரை இதிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டு. இனி இந்தப் பக்கத்துப் பெரிய வீடு எதிலும் தண்டாயுதபாணி படியேற முடியாது. வந்த ஆள் திண்ணையில் உட்காரக்கூட இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மீனாட்சிசுந்தரத்துக்கு ஆள் விட்டார் தண்டாயுதபாணி. முன்தேதி போட்டு ஒரு இன்சூரன்ஸ் எழுத முடியுமா என்று கேட்க. அந்த மனிதர் வரவில்லை. ராஜ்தூத்தை அவரே வாங்கிவிட்டிருந்தார். அதில் எங்கள் தெரு வழியாக ஒரு தடவை போனார், அவ்வளவுதான்.

கடைசியில் தண்டாயுதபாணி வளவில் வந்து நின்றார். சிகப்பி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவி" என்றார்.

"வண்டியை வித்துட்டு வாங்க மொதல்ல."

"போனேன். இரும்புக்கடைக்காரன் எடைக்குக் கேக்குறான். தராதரம் தெரியாத பயக. இன்னும் பத்து வருசம் வச்சிருந்தா…"

"முத்துராமலிங்கமும் பத்து வருசம் காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கட்டுமா?"

"அதான் சாவியைக் கேக்குறேன். எனக்கா கேக்குறேன்? பாவம், அந்த ஏழைக்குத்தானே!"

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. துக்க வீடுகளில் போய்ப் பழகிய குரல். சிகப்பி முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க கையில தர மாட்டேன்" என்றாள். "நானே எடுக்குறேன்."

பாத்திரக்கடைக்காரரை வீட்டுக்கே வரச்சொல்லித் தன் கண்ணெதிரே நிறுக்கச் செய்தாள். பித்தளை வரிசை முழுவதும் போயிற்று. வெண்கலத்தில் பாதி போயிற்று. கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கும்போது தண்டாயுதபாணி பக்கத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டி, "பழசு, நல்ல சாமான், விலையைக் கூட்டிப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சொல்கிற அதே குரலில் சொன்னார். தன் மகளுடைய சாமான் என்று அவருக்குப் பட்டதாகத் தெரியவில்லை. பணத்தைச் சிகப்பியே கொண்டுபோய் வள்ளிக்கண்ணு கையில் கொடுத்தாள். முத்துராமலிங்கம் எழுந்து நடந்தான்; பழைய நடை மட்டும் திரும்பவில்லை. கம்பை ஊன்றி இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவான். சைக்கிளை இப்போது வள்ளிக்கண்ணு தள்ளினாள்.

வண்டி எங்கும் போகவில்லை. முகப்பில் ஏற்றி நிறுத்தி, காலையில் விபூதி பூசிய கையோடு துடைத்து வைத்தார். வெளியே போக டவுன் பஸ். பெரிய வீடுகள் எதுவும் கதவைத் திறக்காததால் வெளியே போகிற வேலையும் குறைந்துபோனது. யாராவது வந்தால் வண்டியைக் காட்டி, "விக்கிறதுக்கில்ல" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எழுபத்தாறில் மீனாளுக்குக் கல்யாணம் கூடியது. சாமான் பரப்பிய அன்று பித்தளை வரிசை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை தெரிந்தது. சிகப்பி எவர்சில்வரை இழுத்து இழுத்து வைத்துப் பார்த்தாள். தரை மறையவில்லை. முகூர்த்தத்துக்கு முன் நான் பார்க்கும்போது அந்த இடத்தில், மாலை போட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, மோட்டார் சைக்கிள் நிற்கிறது! அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் அவர் நிற்கிறார்.

சம்பந்தியார் சுற்றி வந்தார். நின்றார்.

"இதென்ன அண்ணே இது?"

"மாப்பிள்ளைக்கு. கானாடுகாத்தான் வீட்டு வண்டி. இப்ப இதோட மதிப்பு…"

"ஓடுமா?"

"ஓட்டுறதுக்கு ஆயிரம் வண்டி இருக்கு அண்ணே. இது பழசு."

"சரி, பேரு மாத்தி இன்சூரன்ஸ் போட்டிருக்கீகளா? எங்க பையன் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவானே."

தண்டாயுதபாணி சிரித்தார். ராஜ்தூத்தைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. "அதெல்லாம் கம்பெனிக்காரன் பண்ற சோலி. நம்ம காசைக் கட்டி ஊரான் காலுக்கு…"

அப்போதுதான் வாசல் பக்கம் டக் டக் என்று கம்புச் சத்தம் கேட்டது. சிகப்பி நேரில் போய்ப் பாக்கு வைத்து அழைத்திருந்தாள். சலவை வேட்டி கட்டிய முத்துராமலிங்கமும் வள்ளிக்கண்ணுவும் பரப்பிய சாமான்களின் ஓரமாக நடந்து வந்தார்கள். இடப்பக்கம் சாய்ந்து, சாய்ந்து. எல்லாருடைய கண்ணும் அந்தக் காலோடு கூடவே நகர்ந்து வண்டியில் வந்து நின்றது. சம்பந்தியார் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பின் தண்டாயுதபாணியைப் பார்த்தார்.

சிகப்பி முத்துராமலிங்கத்தை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு சமையல் ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, "இதை வெளிய தள்ளிட்டு அந்த எடத்தைக் கூட்டிவிடுங்க" என்றாள். அவர்கள் வண்டியைத் தள்ளினார்கள். அது கனமாகத்தான் இருந்தது. படியிறக்கத்தில் தானாக ஓட ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், பந்தல்காலைக் கட்டிக்கொண்டு நின்றது. தண்டாயுதபாணி பின்னாலேயே ஓடினார்.

"பாத்துடா, டேங்கு!"

அந்த இடம் வெறும் தரையாகவே இருந்தது. மீனாள் அதைத் தாண்டித்தான் மணவறைக்குப் போனாள்.