நசீம் பானு சலித்த எரிமலைக் கல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கல்லுமாவு சலிக்கிறேன்" என்பாள் நசீம் பானு. அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ரசூலின் யூனிட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். பீங்கான் கோப்பையின் மேல் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அந்தப் பூச்சுக்கான மாவும் மணலும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. சவுதியில் தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் முபாஷிர், கம்பெனி மூடிப்போய் எட்டு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்ட வருஷம் அது. பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்று தெருவே வாய் வலிக்கப் பேசியது. பேசியவர்களில் ஒருவராவது ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுத்தாரா என்றால் இல்லை. ரசூல்தான் கூப்பிட்டு, பொம்மைக்கு வர்ணம் தீட்டும் இடத்தில் உட்காரவைத்தார். நசீம் கண் வரைந்த பொம்மைகள் எல்லாம் பேயைப் பார்த்தது மாதிரி முழித்தன. வேறு முதலாளியாக இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார். இவர் தலையில் அடித்துக்கொண்டு அவளைச் சலிக்கிற அறைக்கு மாற்றினார்.

அங்கே போன பிறகுதான் அவள் விரல்களின் சமாசாரம் தெரிந்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தால் போதும், எந்த மணல், எந்த மாவு, எத்தனை நேரம் அரைபட்டது என்று சொல்லிவிடுவாள். முபாஷிருக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் அவள் நிற்கவில்லை. விழ இருந்த நாளில் தன்னைத் தாங்கிய இடம் என்று அந்த அறையின்மேல் அவளுக்கு அவ்வளவு நன்றி. காலையில் கதவைத் திறக்கும்போதே பிஸ்மில்லாவோடு ஒரு நன்றியும் சேர்த்துச் சொல்லித்தான் உள்ளே போவாள்.

போன தை மாதம் திட்டக்குடிப் பெண் தமிழினி அந்த அறைக்கு வந்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கற்களின் வயதை ஆராய்கிறவள். ஆட்டோவிலிருந்து ஒரு சிமென்ட் சாக்கை இறக்கினாள். உள்ளே கர்நாடகத்தில் எடுத்த எரிமலைக் கல். அவர்கள் ஆய்வகத்தில் கல் உடைக்கிற மெஷின் பழுது. வயது பார்க்கிற கருவியோ வேறு ஊரில் இருந்தது, அதில் அவளுக்குக் கிடைத்த தேதிக்குப் பத்து நாள்தான் பாக்கி. அதை விட்டால் அடுத்த வருஷம்தான். ஆனால் ஆடி மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருஷப் படிப்பும் வீண்.

"நம்ம மெஷின் சும்மாத்தானேம்மா கெடக்குது, ஒடைச்சிக்க" என்றார் ரசூல்.

நசீம் மெஷினை மூன்று முறை கழுவிக் காயவைத்தாள். "இதுல என்னா தேடற?" என்று கேட்டாள்.

"எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ள குட்டிக் குட்டியா படிகம் பொறக்கும்க்கா. அதுக்குள்ள இருக்கிற யுரேனியம் கொஞ்சங் கொஞ்சமா ஈயமா மாறிக்கிட்டே இருக்கும். எவ்ளோ மாறியிருக்குதுன்னு பாத்தா கல்லோட வயசு தெரிஞ்சிடும். மரம், மீனு, எதுவுமே இல்லாத காலத்துக் கல்லு இது. அப்ப பூமி எப்படி இருந்துச்சின்னு சொல்ல இதவிட்டா வேற சாட்சி இல்ல."

அந்தப் படிகத்துக்கு என்ன பெயர் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு இது ஒரு பழக்கம். பெயரைச் சொன்னால் இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று தாண்டிப் போய்விடுவார்கள். "என் சல்லடையைத் தவிர வேற எதையும் தொடாதீங்கக்கா" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இன்னும் ஒரு முறம் அளவு பொடி மிச்சமிருந்தது. தமிழினி முன்னறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு அரைமணி நேரம். அந்தச் சமயம் பார்த்து அவள் கொண்டுவந்திருந்த சல்லடையின் வலை ஓரத்தில் கிழிந்தது. நசீம் ஆணியில் தொங்கிய தன் சல்லடையை எடுத்தாள். அதே கண் அளவு. நன்றாகத் தட்டி, துணியால் துடைத்து, மிச்சத்தைச் சலித்து முடித்தாள். பிள்ளை பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்பது தவிர அவள் மனசில் வேறு எதுவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் தமிழினி ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எழுபது படிகம் பாத்தோம்க்கா. அறுபத்திமூணுக்கு எரநூத்தி எழுபது கோடி வயசு. ஏழு மட்டும் வெறும் அம்பத்தஞ்சு கோடி."

ஐம்பத்தைந்து கோடியை 'வெறும்' என்று சொல்கிற பெண்ணை நசீம் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இவ்ளோ காலம் கழிச்சி அங்க மறுபடியும் எரிமலை வெடிச்சிருக்கலாம்னு நான் எழுதப்போறேன். இதுவரைக்கும் யாருமே சொல்லாதது. வேற எதுவும் கலந்துச்சான்னு எங்க கைடு சார் மூணு வாட்டி கேட்டாரு. சலிச்சது எங்க நசீமக்கா, கலப்படத்துக்கு வழியே இல்லன்னு அடிச்சிச் சொல்லிட்டேன். பாருங்க, இதான் அந்தப் படிகம், ஜிர்கான்" என்று போனை நீட்டினாள்.

நசீம் சுவரில் இருந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். ஜிர்கான் மணல் அவள் தினமும் புழங்குகிற சாமான். வெள்ளைப் பூச்சுக்கென்று தெற்கே கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அதைச் சலிக்கிற சல்லடைதான் அன்றைக்கு ஆணியில் தொங்கியது.

போனில் இருந்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அறுபத்துமூன்றும் கூர்முனையோடு நீளநீளமாக இருந்தன. ஏழு மட்டும் அலையில் உருண்டு உருண்டு தேய்ந்த உருண்டைகள். தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே இருக்கும், தனக்கும் நல்ல பெயர். சொன்னால் இரண்டும் போகும். ஆனால் உலகத்தில் வேறு சாட்சியே இல்லாத ஒரு காலத்துக்குத் தன் கையால் பொய்ச்சாட்சி வைப்பதா?

"தமிழு, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, கிழிந்த வலையிலிருந்து பஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

தமிழினி போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "சல்லடை கிழிஞ்சத பாத்தேன். பையில வைக்கும்போது கிழிஞ்சிருக்கும்னு நெனைச்சேன். ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?"

"எனக்கு அது பெரிசாத் தெரியலம்மா. ஜிர்கான்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா அந்தச் சல்லடைய கிட்டக்கூட கொண்டாந்திருக்க மாட்டேன்."

நசீம் ஜிர்கான் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி மணலைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்தாள்.

"நான் சொல்றத நம்பாத. இதுக்கும் வயசு பாரு."

டீகூடக் குடிக்காமல் அந்தப் பெண் போய்விட்டாள். ரசூலிடமும் நசீமே போய்ச் சொன்னாள். "யூனிட்டு பேரே போச்சே" என்று அவர் ஒரு பிடி பிடித்தார். அவள் நின்று வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், போன் அடித்தாலே தமிழினியோ என்று ஓடிப்போய் எடுப்பாள். ஒரு பிள்ளையின் ஐந்து வருஷத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தொழுகையில் அழுதிருக்கிறாள்.

சித்திரைக் கடைசியில் தமிழினி நேராகவே வந்து நின்றாள்.

"சார் கெஞ்சிக் கேட்டு கருவியில ஒரு மணி நேரம் வாங்கிக் குடுத்தாரு. ஒங்க மணலுக்கும் அம்பத்தஞ்சு கோடிதான்க்கா. ரெண்டாவது எரிமலையே கெடையாது. அத எழுதியிருந்தேன்னா வருஷம் திரும்பறதுக்குள்ள வேற யாராவது அதே கல்ல ஒடைச்சிப் பாத்துட்டு என்னைக் கிழிச்சித் தொங்கவிட்டிருப்பாங்க. அதோட என் படிப்பு முடிஞ்சிருக்கும். என்னைக் காப்பாத்திட்டீங்க."

நசீம் ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

"இப்ப ஹாஸ்டல்ல இருக்கிற மிச்சக் கல்ல புதுசா ஒடைச்சி, சுத்தமா சலிச்சி இன்னொரு தரம் பாக்கணும்னு சார் சொல்லிட்டாரு. வேற ஒருத்தரு விட்டுக்குடுத்த தேதிய கருவியில எனக்கு வாங்கிக் குடுத்துட்டாரு. எங்க மெஷினும் ரெடியாயிடிச்சி. நீங்க வந்து சலிச்சிக் குடுங்க."

"நானா? கெடுத்ததே நான்தானேம்மா."

"சொன்னதும் நீங்கதானே."

நசீம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆண்டவனுக்கா, இந்தப் பெண்ணுக்கா, பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலை கொடுத்த மனிதருக்கா, யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ரசூலைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"மொதலாளி, எனக்கு ரெண்டு நாளு லீவு வேணும்."

"நாலு நாளா எடுத்துக்க" என்றார் ரசூல். "நம்ம சல்லடைய மட்டும் இங்கியே வச்சிட்டுப் போ."